முப்பது அழைப்பில் புகைந்த மோடம் பெட்டி பற்றி

எனக்கு வயது நாற்பத்திரண்டு. தபால் நிலையத்துக்குப் பின்புறம் மாடி வீட்டில் மனைவி, இரண்டு மகள்களுடன் குடியிருந்து வருகிறேன். இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதும் வேலை பார்க்கிறேன். இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துள்ள மோடம் விற்பனையாளர் என் மனைவியின் தம்பி. புகாருக்கு ஆளானவர் எங்கள் கம்பெனி இன்ஜினியரம்மா.

வீட்டிலிருந்து டயல் செய்பவர்களை இணையத்தோடு சேர்க்கும் மோடம் பெட்டி, போன் லைனுக்கு ஒன்றாக எங்களிடம் அலமாரி நிறைய இருந்தது. சாயங்காலமானால் லைன் கிடைக்காது, திட்டு வாங்குவது நான். ஒரே கேபிளில் முப்பது அழைப்பை வாங்கும் டிஜிட்டல் பெட்டி வாங்க முதலாளி முடிவு செய்தார். சோதனைக்கு இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று என் மைத்துனருடையது.

இன்ஜினியரம்மா விளம்பரத் தாளைத் தொடவில்லை. என் புகார் நோட்டை வாங்கி, அடிக்கடி இணைப்பு அறுந்துபோகும் முப்பது வீடுகளைக் குறித்தார். கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் டயல் செய்யும்படி முந்தின நாளே என்னைச் சொல்ல வைத்தார். முதலில் மைத்துனரின் பெட்டி. ஒரு மணி நேரம் கழித்து அதிலிருந்து புகை வந்தது. இன்ஜினியரம்மா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு பிளக்கைப் பிடுங்கினார். அவருக்கு இரண்டு விரல் வெந்துவிட்டது. குழாயில் கையைக் காட்டிக்கொண்டே, "லைன்ல இருந்தவங்களுக்கு போன் போட்டு, தப்பு நம்ம பக்கம்னு சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கே மைத்துனர், இன்ஜினியரம்மா வேண்டுமென்றே தன் பெட்டியை எரித்துவிட்டதாக இங்கே புகார் கொடுத்தார். அதைக் கேட்ட பிறகும் இன்ஜினியரம்மா என்னிடம், "பெட்டி சுவத்தோட ஒட்டி இருந்துச்சு. காத்தே போகல. அது என் தப்பு, எழுதிக்குங்க" என்றார்.

"நாமே எதுக்கும்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்?" என்றேன்.

"அந்தப் பெட்டிக்கும் நியாயம் வேணும்ல."

அதன் பிறகு மைத்துனரின் கிடங்கிலிருந்து அதே மாதிரி பெட்டியை வரவழைத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, அதே முப்பது வீட்டையும் டயல் செய்ய வைத்தார். மூன்று மணி நேரத்தில் ஒரு இணைப்புகூட அறுபடவில்லை. சோதனைக்கு வந்த மற்ற பெட்டியில் அதே மூன்று மணி நேரத்தில் பதினொன்று அறுபட்டது. தன்மேல் புகார் கொடுத்தவரின் பெட்டியையே வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் நகலை நேற்று மைத்துனரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு, "மாமா, நாளைக்கு ஸ்டேஷனுக்கு நானும் வரேன்" என்றார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இங்கிருந்து நேராக அந்தம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொல்கிறார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)