மூன்று உதாரணம் போதும்

“நீங்கதானே ஆண்ட்டி ஆரம்பிச்சது? என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க.”

வாசுகி என் வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கியபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்று கீரை நல்ல இளசு.

“கத்தாத லா. தாமான்ல எல்லா வீடும் பார்க்குது.”

“பார்க்கட்டும். கல்யாணமே நின்னு போச்சு. இனி எனக்கென்ன?”

நின்றது உண்மை. மாப்பிள்ளை ஜீவனின் அம்மா கிருஷ்ணம்மா, இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று அன்று காலைதான் சொல்லியனுப்பியிருந்தார்.

வாசுகி பக்கத்து வீட்டுப் பெண். ஸ்கூடாயில் பல்கலைக்கழக ஆராய்ச்சி. ஒரு வேலையைத் துண்டு போட்டுப் பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுக்கும் நிரல்மொழிகள் இருக்கின்றனவாம்; அந்தக் கருத்து மனிதர் மண்டைக்குள் எப்படி ஏறுகிறது என்பது அவள் பாடம். என் அடுப்படியில் உட்கார்ந்து, என் வடையைத் தின்றுகொண்டே அவளேதான் விளக்கினாள்.

“மூனு உதாரணம் காட்டினா போதும் ஆண்ட்டி, மனசு தானா ஒரு முடிவுக்கு வந்துரும். அப்புறம் மாத்திக் காட்டினாலும் நம்பாது.”

துண்டுகளைப் பற்றியும் சொன்னாள். ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்கக் கூடாதாம். கடைசியில் ஓரிடத்தில் சேர்ந்தால் போதுமாம்.

படித்த பெண். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சலவைக்கடையில், ஒரு சீனப் பையன் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டதைச் சொன்னேன். கோயிலில், அவள் கிளினிக்குக்குத் தனியாகப் போனதைச் சொன்னேன். பசாரில் காய் வாங்கும்போது, கோலாலம்பூரில் அவள் இரண்டு நாள் தங்கியதைச் சொன்னேன். மூன்றும் உண்மை. அவன் கூடப் படிப்பவன், கிளினிக்குக்குப் போனது வயிற்றுவலிக்கு, கோலாலம்பூரில் கருத்தரங்கு. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

மூன்றையும் சேர்த்துப் பார்த்தது கிருஷ்ணம்மாதான். நான் அந்த வீட்டுப் படியைக்கூட மிதிக்கவில்லை.

வாசுகி ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுக் கூச்சிங் போய்விட்டாள். அவள் அம்மா இப்போதெல்லாம் என் வாசல் பக்கம் திரும்பித் துப்புகிறார். வெற்றிலை போடுகிறவர், தப்பாக நினைக்கக் கூடாது.

ஜீவனுக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. பெண் என் மகள் மலர். பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாசுகிக்கு நிச்சயம் ஆவதற்கு முன்பே அவன் ஜாதகத்தை நான் பார்த்து வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

சிங்கப்பூருக்குத் தினமும் போய்வர வசதியாக இருவரும் பெர்மாஸ் ஜெயாவுக்குக் குடிபோய்விட்டார்கள். கூச்சிங்கிலிருந்து வாசுகி ஒருநாள் மலருக்கு ஃபோன் போட்டு நெடுநேரம் பேசினாளாம். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் உள்ளே டிவி ஓடுகிறது, கதவு மட்டும் திறப்பதில்லை.

பாவம், மலருக்கு வேலை அதிகம்.