தவணை கட்டியவள் பெயர்

கணபதி நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் உட்கார்ந்ததுமே பொரிந்து தள்ளினார்.

"பதினெட்டு வருசமா பட்டறை லோனுக்கு டியூ கட்டுறவ நானு. நான் கடனே வாங்குனதில்லையாம், அதனால கிரெடிட் கார்டு தரமாட்டாங்களாம், அம்மணி!"

"அதெப்படிங்க்கா?"

"லோனெல்லாம் ஊட்டுக்காரரு பேர்ல இருக்குதாம். அவுரு ஊட்டுல உக்காந்துட்டே கையெழுத்துப் போட்டாரு. மாசாமாசம் பேங்க் வரிசையில நின்னது நானு. இப்ப கடன் ஒழுங்கா கட்டுனதுக்கு அவுரு ஸ்கோரு அருமையா இருக்குதாம். எனக்கு முட்டைகூட இல்லை, ஸ்கோரு எடத்துல வெறும் கோடுதான் வருது. எம்பேர்ல ஒண்ணாவது இருக்கட்டும்னு கேட்டா, இப்படி!"

"வேற வழியே இல்லீங்களா?"

"அவுரு ஒரு கார்டு வாங்கோணுமாம். அதுகூட ஒட்டுக் கார்டா எனக்கொண்ணு தருவாங்களாம். அதுக்கு அவுரே நேர்ல வரோணுமாம்."

"கையோட கூட்டிட்டுப் போயிருங்க்கா."

"நேத்தே சொல்லிப்போட்டேன். 'செரி வாரேன், பேங்க் எந்தப் பக்கம் இருக்குது'ன்னு எங்கிட்டயே கேக்கறாரு."