மில் நின்றிருந்த நாள்

மீன்வலைக்குப் பருத்தி நூல்தான் நல்லது என்று இன்றும் நினைக்கிறேன். கையை அறுக்காது. ஆனால் 1967இல் ஜப்பான் நைலான் நூல் வந்து இறங்கியதும் பழவேற்காட்டு மீனவர்கள் எங்கள் சரக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நைலான் உப்புத் தண்ணீரில் மக்காது. தார் பூச வேண்டியதும் இல்லை.

ஆரம்பாக்கத்தில் ஒரு சிறிய நூல் மில்லில் நான் மேஸ்திரி. இறக்குமதிச் சரக்கால் மூன்று மாதம் நின்றுபோன மில்களுக்கு சர்க்கார் உதவி தரும் என்று அறிவித்தார்கள். முதலாளி மனுப் போட்டார். எங்கள் மில் நிற்கவில்லை. நெல்லூர் ஆர்டர் ஒன்று மிச்சமிருந்தது. கொட்டகையில் ஆறு பெண்கள் நூலுக்குத் தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவி ரோசம்மாள்.

மில் நின்றிருக்கிறதா என்று பார்க்க மறுநாள் வர வேண்டிய அதிகாரியின் ஜீப் அன்றே வாசலில் வந்து நின்றது. வெளியே போக அந்த ஒரு வாசல்தான். பெண்களைக் கொட்டகையிலேயே இருக்கச் சொன்னேன். தார் உருக்கும் கரியடுப்பை அணைக்கவில்லை, தார் இறுகிவிட்டால் மறுபடி உருக அரை நாள் ஆகும். நாற்றம் வெளியே வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரச்சாக்கைத் திணித்தேன்.

"இன்னா மேஸ்திரி, எங்கள கோழின்னு நெனச்சிக்கினியா, கவுத்து மூட்ற?" என்றாள் செங்கம்மாள்.

"சும்மா கெட. ஊட்லயும் இப்டித்தான், சொன்னா கேக்கணும் அதுக்கு," என்றாள் ரோசம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே பூட்டினேன்.

பத்து நிமிடம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதலாளி நண்டுக் குழம்பு வரவழைத்திருந்தார். அதிகாரி கொடுக்கைக் கடித்து உறிஞ்சினார். முழங்கை வரை வழிந்ததை நக்கிக்கொண்டார். நான் அருகில் நின்று பரிமாறினேன். அப்போது கொட்டகைக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"என்னய்யா அது?"

"பெருச்சாளி சார். மில்லு நின்னதுலேர்ந்து ஒரே பேஜாரு."

"பரவாயில்லையே, அதுங்களுக்காவது வேலை இருக்கு," என்றார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

தண்ணீர் எடுக்கப் போனபோது கதவருகே ரோசம்மாளின் குரல் கேட்டது. "இந்தாய்யா, தொறயா. தல சுத்துதுயா. வாந்தி வாந்தியா எடுக்குறாளுங்க."

"கொஞ்சம் பொறு," என்றேன்.

சற்று நேரத்தில் தட்டுவது நின்றது. சொன்னதைக் கேட்டுக்கொண்டாள் என்று நிம்மதியாக இருந்தது. அதிகாரி இன்னொரு நண்டு கேட்டார். வைத்தேன்.

ஜீப் போன பிறகு திறந்தேன். வாந்திக்கும் தாருக்கும் நடுவில் கிடந்தார்கள். செங்கம்மாளுக்கு மட்டும் மூச்சிருந்தது.

மூன்று மாதமாக அங்கே யாருக்கும் வேலையில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டு போயிருந்தார். வேலையில்லாத மில்லில் வேலைக்காரர்கள் எப்படிச் சாக முடியும்? நூல் திருட நுழைந்தவர்கள் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தேன். பாரபட்சம் தெரியக் கூடாது என்று ரோசம்மாள் பெயரை முதலில் எழுதினேன். உதவி கிடைத்தது. முதலாளி நைலான் முறுக்கும் மெஷின் வாங்கினார். நான் மேனேஜரானேன்.

செங்கம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் காறித் துப்புகிறாள். துடைத்துக்கொண்டு நடக்கிறேன். அவளுக்கு ஒன்று புரியவில்லை. முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கதவை நான் அப்போதே திறந்திருப்பேன்.