கரண்டு போன கச்சேரி

அது ஒடஞ்ச சத்தமில்லீங்கக்கா, பாட்டே அப்படித்தான். பயப்படாம அந்த ஒயரக் காதுல நல்லா மாட்டிக்குங்க. ஒரு காதுக்கு நீங்க, ஒரு காதுக்கு நானு. இதக் கேட்டுட்டே பஸ்ஸு மலை வளைவெல்லாம் எறங்கிட்டா வாந்தி நெனப்பே வராது. வாழவந்தில ஏறுனதுலருந்து எனக்கு வரலியே.

இல்லீங்க, சாமி பாட்டு இல்ல. ராக்குங்கறாங்க. எம்பொண்ணு வித்யாஸ்ரீ கோயமுத்தூர்ல நர்சு படிக்கிறாளுங்க. அங்க ஒரு மைதானத்துல இவனுவ பாடுனப்ப, கூட்டத்துல நின்னு இந்தக் குட்டி டேப்புல புடிச்சிருக்கா. அம்மா நீ கேட்டுப் பாருன்னு டேப்போட குடுத்துட்டுப் போனா.

மொத நாளு ஸ்பீக்கர்ல போட்டப்ப எங்கூட்டுக்காரரு, மரவள்ளிக் காட்டுல பன்னி எறங்கிருச்சுன்னு தடியத் தூக்கிட்டு ஓடிட்டாருங்க. நானு வளைவுல ஜீப்பு கவுந்துருச்சுன்னு நெனச்சேன். அப்பறம் மொளகு காயப்போட்டுட்டுக் கோழிய முடுக்கி வெரட்ட உக்காந்திருக்கணுமில்லீங்க, அப்பத் தொணைக்குப் போட்டேன். கோழி ஒன்னுகூடக் கிட்ட வரலீங்க. எனக்குத்தான் புடிச்சுப் போச்சு.

இப்பக் கத்தறானே, அவந்தான் பாடறவன். மொளகு பறிக்க மரமேறுனவன செவ்வெறும்பு கடிச்சா கத்துவானில்ல, அதே சுதி. ஆனா மனசுல இருக்கறத மறைக்காமக் கத்தறான். நானும் இப்படி அப்பப்பக் கத்தியிருந்தா பாதித் தலவலி போயிருக்கும்.

ஆங், இப்பக் கோயமுத்தூர்னு ஊரு பேரச் சொன்னான். அதுக்குத்தான் இத்தன விசிலு. நம்ம கண்டக்டரு தெனமும் எத்தன ஊரு பேரச் சொல்றாரு, நாம ஒருக்காவாச்சும் கை தட்டியிருப்பமா?

இல்ல, இல்ல, கழட்டாதீங்க. டேப்பு நிக்கல. அங்க கரண்டு போயிருச்சு. கிட்டாரு படுத்துருச்சு, மைக்கு படுத்துருச்சு. கூட்டம் ஊளையிடுது. சொத்துன்னு கேட்டுச்சில்ல, யாரோ செருப்ப வீசுனதாம். மேடைல இருந்தவனெல்லாம் ஓடிட்டானுவளாம்.

அதாங்க, டம்மு டம்முன்னு கேக்குதே, ஒருத்தன் மட்டும் போகல. ட்ரம்ஸ் அடிக்கிற பையன். இருட்டுல ஒத்தையா உக்காந்துட்டு, பதட்டமே இல்லாம அடிக்கிறான் பாருங்க. ஊளையிட்டவங்களே இப்பக் கை தட்றாங்க. கரண்டு வர்ற வரைக்கும் உடமாட்டான். நானு இந்த எடத்தத்தான் திருப்பித் திருப்பிப் போடறது. இதக் கேட்டாத்தானுங்க ராத்திரி எனக்குத் தூக்கமே வருது.

நானுங்களா? கோயமுத்தூருக்குத்தான், நாமக்கல்ல வேற பஸ்ஸு மாறணும். மாப்ள பாக்கப் போறனுங்க.

ஆமாங்க, அந்தப் பையந்தான். கோகுல்நாத்துன்னு பேரு. கட்டுனா அவனத்தான் கட்டுவேன்னு நிக்கறா. தகரம் தட்றவனுக்கா பொண்ணு குடுக்கறதுன்னு எங்கூட்டுக்காரரு சோறே உங்காம மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தாரு. நேத்துத்தான் கொஞ்சம் எறங்கி வந்து, நீ போயிப் பையன ஒருக்கா பாத்துட்டு வா, உனக்குச் சரின்னா சரிதான்னாரு.

பாக்கறதுக்கு என்னங்கக்கா இருக்குது, அதான் கேட்டாச்சே. ஒரு பலாப்பழத்தக் குடுத்துட்டு, தை மாசம் வெச்சுக்கலாமான்னு பேசிட்டு வாரேன்.