மிஹாருவின் கை

சிஸுரு: திருப்பாதடி. அடி இன்னும் வேகல.

ஃபுமி: தெரியும். மேசைக் கல்லுல நாமளே சுட்டுக்கற கடைதானே, மாவு கலக்கினது நான், கோஸ் அள்ளிப் போட்டது நான். திருப்பிப் போட மட்டும் வேற ஒருத்தி வருவா. கைதட்டு அவளுக்கு.

சிஸுரு: நீ யாரச் சொல்றன்னு எனக்குப் புரியலன்னு நெனச்சியா?

ஃபுமி: அடையச் சொன்னேன்.

சிஸுரு: அடையச் சொல்லல.

ஃபுமி: சரி, சொல்லல.

சிஸுரு: என்ன பண்ற? உன் கிளாஸ்ல நீயே ஊத்திக்கிற... ஊத்தறதுக்கு எதிர்ல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்.

ஃபுமி: உக்காந்திருக்கல்ல, அதுவே போதும்.

சிஸுரு: பள்ளிக்கூடத்துலேர்ந்து பழகினவ ஊத்தினா பீர் கசக்குமா?

ஃபுமி: பீர் கசக்கத்தான் செய்யும்.

கடைக்காரம்மா: சாஸ் இந்தாங்க. ரெண்டு பேர் பக்கத்துலயும் கிட்டார் பை இருக்கே... பாட்டுக் கோஷ்டியா?

சிஸுரு: ஸ்டுடியோவுக்குப் போய் வாசிக்கறவங்கம்மா. சனிக்கிழமை டிவியில வருதே, நாலு பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல ராக் பேண்ட் ஆரம்பிக்கற அனிமே... அதுக்கு.

கடைக்காரம்மா: அட, அதுக்காக என் பொண்ணு டியூஷனுக்கே மட்டம் போடறா. அதுல மிஹாருன்னு ஒருத்தி, கிட்டாரப் பிடிக்கவே தெரியாம வந்து சேருவாளே...

சிஸுரு: அந்த மிஹாருவோட கிட்டார் இவதான். விரல் படத்துல ஆடும், சத்தம் இவளோடது.

கடைக்காரம்மா: அப்படியா... எவ்ளோ அழகா தப்பா வாசிக்கறீங்க.

ஃபுமி: ரொம்ப நன்றிம்மா.

கடைக்காரம்மா: தெரிஞ்சுக்கிட்டே தப்பு பண்றது கஷ்டமா இருக்காதா?

ஃபுமி: பழகிடும்மா.

சிஸுரு: அதுக்குத் தனித் திறமை வேணும். இவள மாதிரி தப்பா வாசிக்க டோக்கியோவுலயே ஆள் கெடயாது.

ஃபுமி: கேட்டீங்களா, எம்புட்டுப் பெருமை எனக்கு.

கடைக்காரம்மா: கடைசி வாரத்துல பள்ளிக்கூட விழா மேடையில மிஹாரு தனியா வாசிப்பாளாமே. அப்பவாவது நல்லா வாசிப்பாளா?

ஃபுமி: பிரமாதமா வாசிப்பா. அத மட்டும் இவ வாசிக்கறா.

கடைக்காரம்மா: ஓ... நான் அந்த மேசையப் பாத்துட்டு வரேன்.

சிஸுரு: அவங்க எதிர்ல சொல்லித்தான் ஆகணுமா?

ஃபுமி: இல்லாததையா சொன்னேன்? மூணு மாசமா அந்தப் பொண்ண வளத்தவ நான். சுருதி தப்பி எல்லாரும் சிரிச்சாங்களா, நான். தந்தி அறுந்து அழுதாளா, அந்தத் தந்தி நான். பொண்ணு தேறி மேடை ஏறப் போறா, உடனே "சிஸுருவக் கூப்பிடுங்க."

சிஸுரு: நானா போய்க் கேட்டேன்? அவங்க கூப்பிட்டாங்க.

ஃபுமி: நம்ம பள்ளிக்கூட விழாவுலயும் அவங்கதான் கூப்பிட்டாங்க. நீ முன்னால போய் நின்ன. நான் டிரம்ஸுக்குப் பின்னால, திரைச்சீலையோட திரைச்சீலையா.

சிஸுரு: உனக்கு என்மேல பொறாமைடி.

ஃபுமி: ஆமா. இன்னைக்குத்தான் தெரியுமா? அந்தக் கடைசிப் பாட்ட எனக்கும்தானே அனுப்பி வெச்சாங்க, கேட்டு வெச்சுக்கன்னு. தெனம் வாசிக்கறேன். பக்கத்து வீட்டு ஆளு சுவரத் தட்டித் தட்டி, இப்ப அவரே அத விசிலடிக்கறார்.

சிஸுரு: ...நெஜமாவா? முழுசா வாசிக்கறியா?

ஃபுமி: வாசிச்சு என்ன, விழா உன்னோடதுதானே.

சிஸுரு: சொன்னா நம்ப மாட்ட. மூணாவது வாரம் நீ வாசிச்சத நான் போட்டுப் போட்டுக் கேக்கறேன்.

ஃபுமி: எதுக்கு, சிரிக்கவா?

சிஸுரு: இல்லடி... அந்த ஒரு எடம். சுண்டு விரல் மேலேர்ந்து கீழ எறங்கறப்ப ஒரு துளி பிந்துவாளே மிஹாரு. படியில கால் வெக்கத் தயங்கற மாதிரி. அத எப்படிப் பண்ற?

ஃபுமி: ஏன் கேக்கற?

சிஸுரு: சும்மாதான்.

ஃபுமி: சும்மா கேக்கற ஆளா நீ?

சிஸுரு: விரல முன்னாடியே தூக்கிடறியா? இல்ல... மனசுக்குள்ள எண்ணி நிறுத்தறியா?

ஃபுமி: அடை கருகுது.

சிஸுரு: நீ திருப்பேன்.

ஃபுமி: நீ திருப்பு, உனக்குத்தான் அது கைவந்த கலை. திருப்பிக்கிட்டே ஒண்ணு சொல்லு. நான் எப்ப செண்டாய் போனேன்?

சிஸுரு: என்னது?

ஃபுமி: நேத்து கோயென்ஜி ஸ்டேஷன்ல ஒகாபே சார் எதிர்ல வந்தார். அதான், ஸ்டுடியோவுல நம்மளக் கூப்பிடறவர். "செண்டாய்லேர்ந்து எப்ப வந்தீங்க? அக்காவுக்குப் பிரசவம் நல்லபடியா ஆச்சா?"ன்னார். எனக்கு அக்காவே கெடயாது, சிஸுரு.

சிஸுரு: நீ என்ன சொன்ன?

ஃபுமி: பாவமா இருந்துச்சு. "பையன் பொறந்திருக்கான்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சிஸுரு: ஃபுமி...

ஃபுமி: அடையக் கீழ போட்டுடாத. சொல்லு.

சிஸுரு: திருப்பி அனுப்பிட்டாங்கடி. நான் வாசிச்சத. ஒரு தடவ இல்ல... ஒவ்வொரு தடவையும். டைரக்டர் கண்ண மூடிக் கேட்டுட்டு, "சுத்தமா இருக்கு, ஆனா இது மிஹாரு கை இல்ல"ங்கறார். இத்தன வாரம் தடுமாறின கை, நல்லா வாசிக்கறப்பவும் எங்கயாவது ஒரு எடத்துல தெரியணுமாம். "பழைய ஆளையே கூப்பிடுங்க"ன்னார்.

ஃபுமி: நீ?

சிஸுரு: "அவ ஊர்ல இல்ல"ன்னேன். வாய் தானா சொல்லிடுச்சு.

ஃபுமி: அக்காவக் கர்ப்பமாக்கினதும் வாய்தானா?

சிஸுரு: சிரிக்காத. நீ பொறாமைய வெளிய சொல்லிட்ட. நான் மூணாவது வாரத்துலேர்ந்து முழுங்கிட்டிருக்கேன். அந்த ஒரு துளி என் கைக்கு வரவே மாட்டேங்குது. வேணும்னே பிந்தினா, வேணும்னே பிந்தின மாதிரியே கேக்குது. நாளைக்குக் காலைல கடைசியா ஒரு தடவ வாசிச்சுப் பாக்கச் சொல்லியிருக்காங்க... கத்துக் குடு. முடிவுல பேர் போடறப்ப உன் பேரயும் சேத்துப் போடச் சொல்றேன்.

ஃபுமி: கத்துக் குடுக்க முடியாது.

சிஸுரு: கோவமா?

ஃபுமி: கோவம் இருக்கு, அது தனி. இது... முடியாது.

சிஸுரு: இரு, போன்... ஒகாபே சார்தான்.

ஃபுமி: எடு.

சிஸுரு: எடுத்து என்னத்தச் சொல்ல?

ஃபுமி: மொதல்ல என் கிளாஸ்ல ஊத்து... ம், போதும். ஃபுமி வந்துட்டா, காலைல அவளே வந்து வாசிப்பான்னு சொல்லு.

சிஸுரு: ...சரி. சொல்லிடறேன். ஆனா அந்த ஒரு துளிய எப்படிப் பண்றன்னு மட்டும் சொல்லேன். திருட மாட்டேன்டி, தெரிஞ்சுக்கத்தான்.

ஃபுமி: அவர்கிட்ட சொல்லித் தொலைக்காத, என் தப்பெல்லாம் நடிப்புன்னு நெனச்சிட்டிருக்காங்க... மூணு மாசமா நான் என்னால முடிஞ்ச வரைக்கும் நல்லாத்தான் வாசிச்சேன்.