ஏழு காலிப் பைகள்

“நோட்டைக் காட்டுங்க, தோன்!”

இந்த ஒரு பேச்சை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே, அந்த ஏழு பேருக்கும் இன்னும் காது அடையவில்லை... என்று பால்பல் விழுந்த வயதிலிருந்தே அம்மா நெர்லினிடம் சொல்லிவந்தாள். கேட்டுவிட்டாள். அதுவும் தோட்ட முதலாளி தோன் அமாதோவின் கூடத்தில் நின்றுகொண்டு.

காபியை எடுத்துக்கொண்டு நெருங்கி உட்காருங்கள். சவப்பெட்டிக்கு முதுகைக் காட்ட வேண்டாம். நம் தெரு ரோவெனாவின் சித்தி மகள் இந்த நெர்லினுக்கு நடந்தது இது.

மாலை ஆறு. கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. சர்க்கரை ஆலைக்குப் போகிற மண்சாலை... ஒரு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் கரும்பு, புளித்த வாடை. தோன் அமாதோவின் வீட்டுக்கு நெர்லின் தனியாக நடந்தாள். கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டம் என்ன செய்தது? அன்று காலை வேலை கேட்டுப் போன பள்ளிக்கூடத்திலும் ஒருத்தன் சிரித்தான்: “கூவினவன் வம்சம் வருது, எல்லாரும் பாக்கெட்டைப் பிடிச்சுக்கோங்கப்பா!”

யுத்த காலத்துப் பழி அது. ஊருக்குள் ஜப்பான்காரன், காட்டுக்குள் அவனை எதிர்த்த நம் பையன்கள். அவர்கள் காட்டில் அச்சடித்த அவசரப் பண நோட்டோடு சிக்கினால் தலை போகும். அப்படியும் ஒரு படையில் எட்டுப் பேர் ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவன் “நோட்டைக் காட்டு” என்றால் மற்றவர்கள் அந்த நொடியே எடுத்து நீட்ட வேண்டும். தவறியவன் கள் வாங்க வேண்டும். கேட்டவன் “பாத்தாச்சு” என்றால்தான் கையை இறக்கலாம்.

கைகள் பழகிப்போயின.

ஒரு சந்தை நாள். ஜப்பான் சிப்பாய்கள் சுற்றி நிற்க, கூட்டத்திலிருந்து எவனோ கூவினான்: “நோட்டைக் காட்டு!” யோசிப்பதற்குள் ஏழு கைகள் பைக்குள் போயின. மீன் வெட்டுகிற மேடையிலேயே ஏழு தலைகளும்... தொப். தொப். பூசணி விழுகிற சத்தம். எட்டாவது ஆள், நெர்லினின் கொள்ளுத்தாத்தா சில்வெஸ்ட்ரே, அன்று காய்ச்சலில் கிடந்தார். பிழைத்தவன்தானே கூவியிருப்பான்? ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அந்த ஏழு நோட்டும் தோன் அமாதோவின் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால். வெளிநாட்டிலிருந்தெல்லாம் சேகரிப்பாளர்கள் வந்து பார்ப்பார்கள். அன்று நெர்லின் அதன் முன்னால் போய் நின்றாள்.

“எங்க தாத்தா விதவைங்ககிட்ட வாங்கினது” என்றார் தோன் அமாதோ.

“எந்த விதவை? ஒரு பேரு சொல்லுங்க.”

“அட இண்டாய், சின்னப் பொண்ணே, பட்டம் வாங்கினியா, போலீஸ்ல சேந்தியா? கூவினவன் வீட்டுல வாய்க்கு மட்டும் பஞ்சமே இல்ல.”

அப்போதுதான் அவள் நோட்டைக் காட்டச் சொன்னாள்.

மின்விசிறி நின்றது. மீன் கவிச்சி... இரும்பு வாடை. சுவரோரம் ஏழு பேர், தோளுக்கு மேலே ஒன்றுமில்லாமல். ஏழு கைகள் பைக்குள் போயின. துழாவின. ஏழு பையும் காலி.

கழுத்துகள் அவர் பக்கம் திரும்பின.

ஒரு கை அவர் சட்டைப்பையைக் கிழித்தது. பையோடு தோலும் வந்தது. இன்னொரு கை வாய்க்குள் மணிக்கட்டுவரை இறங்கித் தேடியது. தாடை ‘மடக்’கென்றது. கை வெளியே வந்த இடைவெளியில் அவர் குழறினார்: “நான் இல்ல! எங்க தாத்தாதான் கூவினாரு! இண்டாய்... பாத்தாச்சுன்னு சொல்லும்மா! சந்தையில வந்து சொல்றேன்... உங்க பேரு சுத்தமாயிடும்!”

சொன்னால் அவர் பிழைப்பார். அவர் செத்தால் யார் கூவியது என்று ஊருக்குத் தெரியவே தெரியாது. கோயிலில் கடைசிப் பலகையில் தலைகுனிந்து உட்காருகிற அம்மா நினைவுக்கு வந்தாள்.

“இத்தனை நாளும் தெரிஞ்சுதானே வச்சிருந்தீங்க?”

இரண்டு கைகள் இப்போது வயிற்றைத் திறந்து தேடிக்கொண்டிருந்தன.

நெர்லின் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ‘பாத்தாச்சு’ சொல்வதில்லை என்பது கரும்புச் சாலையில் வரும்போதே எடுத்த முடிவு. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால்... தொப்.

அந்த ஒரு வார்த்தையை அவள் இன்றுவரை சொல்லவில்லை.