ஆம்பூரில் கிடைத்த ஆலிவ் எண்ணெய்

களாக்காயை உப்புத் தண்ணீரில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு காயையும் ஊசியால் குத்திவிட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டால் மேலே மட்டும் உப்புக் கரிக்கும், உள்ளே புளிப்பு அப்படியே நிற்கும். நன்றாக ஊறிய காயை ஆலிவ் காய் என்று சொல்லி ஓர் இத்தாலிக்காரர் முன்னால் வைத்தால் அவர் சாப்பிடுவார். நான் வைத்தேன், அவர் சாப்பிட்டார்.

இதைக் கேட்பதற்காக நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவரவில்லை என்பது தெரியும், ஐயா. உங்களுக்குக் குழியைப் பற்றித் தெரிய வேண்டும். ஆனால் குழியை மட்டும் சொன்னால் நான் ஏதோ ஈவிரக்கம் இல்லாதவன் மாதிரித் தெரிவேன். எண்ணெயிலிருந்து தொடங்கினால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும். நான் பேசுவதை உங்கள் ரைட்டர் திருத்தமான தமிழில் எழுதிக்கொள்கிறார். அதற்கும் நன்றி.

என் பெயர் இருதயராஜ். தொழில் சமையல். வேலூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் பல வருஷம் சமைத்தேன். அவர்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் ஸ்டூவும் இருந்தால் போதும். சாப்பிட்டு முடித்தால் தட்டைத் தள்ளுவார்கள், எழுந்து போவார்கள். சுவரில் ஆணி இருக்கிறது, பக்கத்தில் இருதயராஜ் இருக்கிறான், அவ்வளவுதான். அவர்கள் தங்கள் நாட்டுக்கே திரும்பிப் போனதும், ஆம்பூரில் தோல் தொழிற்சாலை நடத்தும் நசீர் அகமது சாயபு தன் கெஸ்ட் ஹவுஸுக்கு என்னை அழைத்துக்கொண்டார். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. பாதி பதத்தில் தோலைக் கப்பலேற்றிய காலம் போய், முழுசாக முடித்த தோலைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆகியிருந்தது. அந்த வேலையைக் காட்டிக்கொடுக்க இத்தாலியிலிருந்து ரெனாத்தோ என்பவரை வரவழைத்தார்கள். தொழிலாளிகளுக்கு அவர் இத்தாலி தொரை. எனக்கும்தான்.

பிரியாணிக்குப் பேர்போன ஊருக்கு வந்து, பிரியாணியைத் தள்ளிவைத்துவிட்டு வாழைப்பழத்தில் உயிர்வாழ்ந்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கன்னம் ஒட்டிப்போயிற்று. சாயபு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னாபா ராஜு, தொரை ஊருக்குப் போறேன்னு நிக்கிறாரு. அவரு போனா ஆர்டரும் கூடவே போய்டும். இன்னா கேக்குறாரோ வாங்கிக் குடு. செலவு ஜாஸ்தி ஆனா ஆவட்டும்."

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நல்ல ஆலிவ் எண்ணெய்.

எங்கள் பக்கத்தில் அது மருந்துக் கடையில்தான் கிடைக்கும். பச்சைக் குழந்தைக்கு உடம்பில் தேய்ப்பதற்காகச் சின்ன பாட்டிலில் விற்பார்கள். எத்தனை காலமாக அலமாரியில் வெயில் காய்ந்ததோ, யாருக்குத் தெரியும். வேலூர் பஜாரில் ஒன்று வாங்கிவந்து தக்காளிமேல் ஊற்றிக் கொடுத்தேன். தொரை ஒரு வாய் வைத்தார், எழுந்து போய்த் துப்பினார், திரும்பி வந்து என் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். என் சமையலைத் துப்பிவிட்டு மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் அவர். அன்றைக்கே எனக்கு அவர்மேல் பிரியம் விழுந்துவிட்டது.

பிறகு மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல்காரர் மூலம் அவருக்கு ஒரு டின் எண்ணெய் வந்தது. மூடியைத் திறந்து என் மூக்கருகே பிடித்தார். அப்போதுதான் அறுத்த புல்லும் வாழைக்காய்த் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நாக்கில் வைத்தால் தொண்டையில் மிளகு போல ஒரு சின்னக் காரம். "எங்க ஊரு" என்றார். அப்போது அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது.

அந்த டின் இருந்த வரைக்கும் அவர் சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன். அவர்கள் வாசனைக்குக் கிள்ளிப் போடும் இலை வேறொன்றும் இல்லை, நம் திருநீற்றுப்பச்சிலைதான். அவர்கள் சின்ன மீனை உப்பில் போட்டு வைப்பார்களாம். நான் நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்து முள்ளெடுத்தேன். பாலைத் திரித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டு உப்புப் போட்டால் அதுதான் அவர்கள் பாலாடைக்கட்டி. களாக்காய் அமிர்திக் காட்டுப் பக்கமிருந்து வரும். சாப்பிட்டுவிட்டு மேசையைத் தட்டி "மாயெஸ்த்ரோ" என்பார். வாத்தியார் என்று அர்த்தமாம். என்னை அதற்கு முன் யாரும் எதற்கும் வாத்தியார் என்று சொன்னதில்லை. என் மனைவி சவுரியம்மாளிடம் அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டியபோது சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

டின் தீர்ந்துகொண்டு வந்தது. கப்பல்காரர் மறுபடி வரவில்லை. தீர்ந்துபோயிற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் கடலை எண்ணெயைக் கலந்தேன். முதலில் கொஞ்சம், அப்புறம் பாதி. நிறம் வெளுத்தால் முருங்கைக்கீரையைப் போட்டு லேசாகச் சூடு காட்டினால் பச்சை இறங்கும். காரத்துக்கு மிளகு. மெட்ராஸில் ஒரு ஏஜெண்டைப் பிடித்துவிட்டேன், இனிமேல் எண்ணெய்க்குக் கவலையே இல்லை என்று தொரையிடம் சொன்னேன். அவர் ஊருக்குப் போகும் பேச்சையே விட்டுவிட்டார்.

தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, இந்த ஊரிலும் எனக்கு எண்ணெய் கண்டுபிடித்துத் தருகிறவர் இவர்தான் என்பார். ஒரு தடவை வந்திருந்த இத்தாலிக்காரர் ஒருவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொரை அவர் கையை அழுத்திப் பேச்சை மாற்றினார். விருந்தாளி இன்னும் எண்ணெய் கேட்டுத் தீர்த்துவிடுவாரோ என்று பயந்தார்போலிருக்கிறது.

ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலை ஒரு நாள் மறந்துபோய் எண்ணெய் பாட்டிலில் வைத்துவிட்டேன். பரிமாறிவிட்டு உள்ளே வந்து கையை முகர்ந்தபோதுதான் தெரிந்தது. வெளியே ஓடினேன். தட்டில் பாதி காலி. தொரை நிமிர்ந்து, "இன்னிக்கு ரொம்ப நல்லா, மாயெஸ்த்ரோ" என்றார்.

மண்ணெண்ணெய் நாற்றத்தில் எனக்கே குமட்டியது. அவர் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். அவருக்கு உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, வாசனை மட்டும் அறவே தெரியவில்லை. அமோனியாவிலும் சுண்ணாம்புக் குழியிலும் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு மூக்கு செத்துப்போவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அது அவருக்கே தெரியாது என்று நான் முடிவு செய்துகொண்டேன். தெரிவித்து என்ன ஆகப்போகிறது? அன்றிலிருந்து வெறும் கடலை எண்ணெய்தான், நிறத்துக்கு மட்டும் கொஞ்சம் முருங்கைக்கீரை. அவர் பாராட்டு குறையவில்லை. எனக்கு வேலை குறைந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நஷ்டம் தொழிற்சாலையில் வந்தது. கிடங்கில் இருந்த தோல் அழுக ஆரம்பித்ததைத் தொரை கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சரக்கு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. மெட்ராஸில் தோல் படிப்புப் படித்துவிட்டு அவருக்கு உதவியாகச் சேர்ந்திருந்த செங்கல்வராயன், தொரைக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று சாயபுவிடம் நேராகவே சொல்லிவிட்டார். நான் டீ கொண்டுபோனபோது சாயபு சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரிய பேஜாராப் போச்சு. இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா டிக்கெட் போட்டு அனுப்பிடுவேன்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொரை போய்விட்டால் நான் மறுபடியும் சுவரில் இருக்கிற ஆணிதான். பயந்தேன் என்றே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. கழிவுத் தண்ணீர் தேங்கும் மூடிய குழி அடைத்துக்கொண்டதால், ஜும்மா தொழுகைக்கு முன்னால் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய ஏற்பாடு. சாயபுவும் தொரையும் செங்கல்வராயனும் வந்திருந்தார்கள். நான் அவருக்குச் சாப்பாட்டு கேரியர் கொண்டுபோயிருந்தேன். குழி மூடியைத் திறந்திருந்தார்கள். தனகோடி என்ற தொழிலாளி வேட்டியை மடித்துக் கட்டி இறங்கத் தயாராக நின்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் ரத்தினசாமி, சவுரியம்மாளின் தம்பி. தொரையிடம் சொல்லி அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

"சார், கேஸ் அடிக்குது சார்," என்றார் செங்கல்வராயன். "மூடியத் தொறந்தே வெச்சிட்டு நாளைக்குப் பாக்கலாம். இன்னிக்கு ஆள எறக்க வேணாம்."

"எங்களுக்கு எல்லா நாளும் ஒரே நாத்தந்தான் சார். இதுல இன்னா புதுசா தெரியப் போவுது?" என்றார் தனகோடி.

சாயபு தொரையைப் பார்த்தார். "தொரையே சொல்லட்டும்" என்றார். அந்தப் பார்வையில் ஒரு பரீட்சை இருந்தது.

தொரை முழந்தாளிட்டுக் குனிந்து நெடுநேரம் முகர்ந்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு எல்லோரையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ராஜ், வாசம்?" என்றார்.

வாசனை எனக்குத் தொழிற்சாலை கேட்டில் நுழையும்போதே தெரிந்துவிட்டது. குழியருகே வந்ததும் அழுகிய முட்டை நாற்றம் தொண்டையைப் பிடித்தது, கண் எரிந்தது. தினமும் வருகிற நாற்றம் அல்ல அது. ஆனால் தொரையின் முகத்தைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்று என்று கேட்கிறார் எனப் புரிந்துகொண்டேன். நாறுகிறது என்று சொன்னால் செங்கல்வராயன் ஜெயித்துவிடுவார், தொரை விமானம் ஏறிவிடுவார்.

"தெனம் வர்றதுதான் தொரை. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "ஓகே" என்றார். தனகோடி இறங்கினார். மூன்று படிக்குமேல் அவர் குரல் கேட்கவில்லை. ஏதோ விழுந்த சத்தம் வந்தது. ரத்தினசாமி பதறிப்போய் என்னைத்தான் பார்த்தான்.

"மாமா, நெஜமாவே உள்ள ஒண்ணும் இல்லியே?"

அப்போது மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சாயபு காதுபடச் சொன்னதை எப்படி மாற்றுவது? "ஆடி வெள்ளி, விரதம் இருந்திருப்பாரு, மயக்கமா இருக்கும். எறங்கித் தூக்குடா" என்றேன். அவன் என் பேச்சைத் தட்டுகிற பிள்ளை இல்லை. இறங்கினான். பாதி ஏணியில் அவன் கை தானாகவே விட்டுவிட்டது.

மூன்றாவதாக ஒருவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கப் போனபோது செங்கல்வராயன் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்போது நானும் சொன்னேன், நாறுகிறது, இறங்க வேண்டாம் என்று. அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாமவர் இன்றைக்கு உயிரோடு இருப்பதில் எனக்கும் பங்கு உண்டு.

ரத்தினசாமியை வெளியே எடுத்துப் போட்டபோது அழுதேன். சவுரியம்மாள் வந்து தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. அவள் துக்கம் அவளுக்கு. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

நாறியது, தெரிந்தும் இல்லை என்றேன், இரண்டு தடவை சொன்னேன், இரண்டு பேர் செத்தார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. கையெழுத்தும் போடுகிறேன்.

ஆனால் தொரை கொடுத்த வாக்குமூலம் என்று இன்று காலையில் ஒன்றைப் படித்துக் காட்டினீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அவருக்கு மூக்கு போய்விட்டது என்பது வந்த மறுவருஷமே அவருக்குத் தெரியுமாம். வேலை போய்விடும் என்று வெளியே சொல்லவில்லையாம். எண்ணெய் பொய் என்பதையும் விருந்தாளிகள் சொல்லிவிட்டார்களாம். நான் அத்தனை பாடுபட்டுச் செய்கிறேனே, மனம் நோகக் கூடாது என்று பாராட்டிப் பாராட்டிச் சாப்பிட்டாராம். குழியருகே தனக்கு ஒன்றும் தெரியாததால், அங்கே நின்றவர்களில் யாருடைய மூக்கை நம்பினாரோ அந்த ஒருவனிடம் கேட்டாராம். இல்லை என்று அவன் சொன்னதும், அப்படியானால் இல்லை என்று நம்பினாராம்.

அது பொய், ஐயா. யாரோ சொல்லிக்கொடுத்துச் சொல்லியிருக்கிறார். நான் வைத்த ஒவ்வொரு தட்டையும் முகத்தருகே தூக்கி, கண்ணை மூடி, முகர்ந்துவிட்டுத்தான் அவர் சாப்பிட ஆரம்பிப்பார். நான் கதவோரம் நின்று தினமும் பார்த்திருக்கிறேன். வாசனை தெரியாத ஒருவருக்கு நான் இத்தனை வருஷம் சமைக்கவில்லை.